உம்மு கஃபாவிலிருந்து விண்வெளி நிலையம் வரை: ஒரு பொறியாளரின் இருபது ஆண்டுப் பாதை

2023 பிப்ரவரி 27. அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் உள்ள கென்னடி விண்வெளி மையம். ராக்கெட்டின் உச்சியில் உள்ள டிராகன் விண்கலத்தில் நான்கு பேர் இடுப்புப் பட்டை கட்டி அமர்ந்திருக்கிறார்கள். எரிபொருள் நிரப்பப்பட்டுவிட்டது. புறப்பட மூன்று நிமிடம்கூட இல்லை. அப்போது அறிவிப்பு வருகிறது: இன்று பயணம் இல்லை, எல்லோரும் இறங்குங்கள்.

காரணம் பெரிய விபத்து எதுவும் அல்ல. இயந்திரத்தைப் பற்றவைக்கும் திரவத்தைக் கொண்டு செல்லும் தரைக் குழாய்ப் பாதையில் ஒரு வடிகட்டி அடைத்திருந்தது. அவ்வளவுதான். வடிகட்டி மாற்றப்பட்டு, மார்ச் 2 அன்று அதே நால்வரும் மீண்டும் ஏறி அமர்ந்தார்கள். இம்முறை ராக்கெட் புறப்பட்டது.

அந்த நால்வரில் ஒருவர் சுல்தான் அல்நெயாதி. ஐக்கிய அரபு அமீரகத்தைச் சேர்ந்த தகவல் தொடர்புப் பொறியாளர். அடுத்த 186 நாட்கள் விண்வெளியில் இருந்து, ஒரு முழு ரமளானையும் இரண்டு பெருநாட்களையும் அங்கே கழித்துவிட்டு, 2023 செப்டம்பர் 4 அன்று ஃபுளோரிடா அருகே கடலில் வந்திறங்கினார். நீண்ட காலம் விண்வெளியில் தங்கிய முதல் அரபியர், விண்கலத்துக்கு வெளியே மிதந்து பணி செய்த முதல் அரபியர் என்ற சிறப்புகள் அவருக்குக் கிடைத்தன.

செய்தியில் நாம் பார்த்தது அந்த ஆறு மாதங்களைத்தான். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான், "என் பிள்ளையை என்ன படிக்க வைக்கலாம்?" என்று கேட்கும் ஒவ்வொரு பெற்றோரும் அறிய வேண்டிய விஷயம்.

படிப்பும் பணியும்

அல்நெயாதி 1981 மே 23 அன்று பிறந்தவர். சொந்த ஊர் அல்ஐன் நகருக்கு வெளியே உள்ள உம்மு கஃபா. துபாயின் வானுயர்ந்த கட்டடங்களோடு நாம் நினைத்துப் பார்க்கும் அமீரகம் அல்ல அது. பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊர். பள்ளிப் படிப்பு அங்கேயே.

பிறகு இங்கிலாந்து சென்று பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல், தகவல் தொடர்புப் பொறியியல் படித்து 2004இல் பட்டம் பெற்றார். நாட்டின் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவில் வலையமைப்புப் பாதுகாப்புப் பொறியாளராகப் பணியாற்றினார். கணினி வலையமைப்புக்குள் அந்நியர் நுழையாமல் காப்பதும், உள்ளிருக்கும் தகவல் வெளியே கசியாமல் பார்ப்பதும் அந்தப் பணி. பெயர் வெளியே தெரியாத வேலை. நன்றாகச் செய்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். தவறினால் மட்டுமே எல்லோரும் பேசுவார்கள்.

பணியில் இருந்துகொண்டே அவர் படிப்பைத் தொடர்ந்தார். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் 2008இல் தகவல், வலையமைப்புப் பாதுகாப்பில் முதுகலை. அதே பல்கலைக்கழகத்தில் 2016இல் முனைவர் பட்டம். ஆய்வுப் பொருள், தகவல் கசிவைத் தடுப்பது. ஒரு ரகசிய ஆவணத்தில் சில சொற்களை மாற்றி, வரிகளை இடம் மாற்றி ஒருவர் வெளியே அனுப்ப முயன்றால், கணினி அதைக் கண்டுபிடித்துத் தடுப்பது எப்படி என்பது அதில் ஒரு முக்கியக் கேள்வி.

தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. அந்தத் துறை பற்றி 2016இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரையில், இணை ஆசிரியர்களில் ஒருவராக கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் வல்லிபுரம் முத்துக்குமாரசாமி அவர்களின் பெயர் இருக்கிறது. உம்மு கஃபாவின் மாணவர் ஒருவர் விண்வெளிக்குச் செல்லும் முன் நடந்த பாதையில், தமிழ்ப் பெயர் தாங்கிய ஓர் ஆசிரியரின் துணையும் இருந்திருக்கிறது. கல்விக்கு நாடும் மொழியும் தடையில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

முனைவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 35. அப்போது அமீரகத்தில் விண்வெளி வீரர் திட்டமே தொடங்கியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இல்லாத ஒரு வேலைக்காக அவர் படிக்கவில்லை. கையில் இருந்த வேலையை ஆழமாகக் கற்றார்.

நான்காயிரத்து இருபத்திரண்டு பேர்

அமீரகத்தின் விண்வெளி முயற்சி ஒரே நாளில் முளைத்ததல்ல. இன்று முஹம்மது பின் ராஷித் விண்வெளி மையம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தின் வேர் 2006இல் துபாயில் ஊன்றப்பட்டது. 2009இல் துபாய்சாட்-1, 2013இல் துபாய்சாட்-2 என்று செயற்கைக்கோள்கள் வெளிநாட்டுப் பொறியாளர்களுடன் சேர்ந்து உருவாக்கப்பட்டன. அவர்களோடு வேலை செய்து கற்றுக்கொண்ட அமீரகப் பொறியாளர்கள் 2018இல் கலீஃபாசாட் செயற்கைக்கோளைத் தங்கள் நாட்டிலேயே கட்டினார்கள். முதலில் அருகில் இருந்து கற்பது, பிறகு சேர்ந்து செய்வது, அதன்பின் தனித்து நிற்பது. நம் மதரஸாக்களில் உஸ்தாதின் முன் அமர்ந்து கிதாபு ஓதும் மாணவன் ஒருநாள் அதே கிதாபை ஓதிக்கொடுக்கும் முறையும் இதுதான்.

விண்வெளி வீரர் திட்டம் 2017இல் அறிவிக்கப்பட்டது. 4,022 பேர் விண்ணப்பித்தார்கள். உடல் பரிசோதனை, உளவியல் பரிசோதனை, நேர்காணல் என்று பல கட்டங்களில் வடிகட்டி 2018 செப்டம்பரில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் எஃப்-16 போர் விமானி ஹஸ்ஸா அல்மன்சூரி. இன்னொருவர் பொறியாளர் அல்நெயாதி. அப்போது அவருக்கு வயது 37.

இரண்டாம் ஆளாக நிற்பது

தேர்வானவர் இருவர். ஆனால் முதல் பயணத்துக்கு இருந்தது ஓர் இருக்கைதான். அது ஹஸ்ஸாவுக்குக் கிடைத்தது. அல்நெயாதி மாற்று வீரர்.

மாற்று வீரர் என்றால் பெயரளவில் இருப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. முதன்மை வீரருக்கு உள்ள அதே பயிற்சி அவருக்கும் உண்டு. ரஷ்யாவில் உள்ள யூரி ககாரின் பயிற்சி மையத்தில் ரஷ்ய மொழி, சோயூஸ் விண்கலத்தின் இயக்கம், பனிக்காட்டில் உயிர் பிழைக்கும் பயிற்சி எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே முடித்தார்கள். கடைசி நாளில் முதன்மை வீரருக்கு உடல்நலம் சரியில்லாமல் போனால் மாற்று வீரர் ஏற வேண்டும். இல்லையென்றால் அவர் கீழே நின்று பார்க்க வேண்டும்.

2019 செப்டம்பர் 25 அன்று கஸகஸ்தானின் பைக்கனூரிலிருந்து ஹஸ்ஸா புறப்பட்டார். விண்வெளிக்குச் சென்ற முதல் அமீரகத்தவர் என்று உலகமே அவரைப் பாராட்டியது. அல்நெயாதி கீழே நின்றார்.

நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்தால் எப்படி எடுத்துக்கொள்வோம்? "இவ்வளவு கஷ்டப்பட்டும் கிடைக்கவில்லையே" என்று பெற்றோரே பிள்ளையின் காதுபட வருந்துவோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவோம். ஆனால் அந்த இரண்டாம் இடம்தான் அவருடைய ஆறு மாதப் பயணத்துக்கு வாசலாக அமைந்தது. 2020இல் இருவரும் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நாசாவின் ஜான்சன் மையத்துக்கு மேல் பயிற்சிக்குச் சென்றார்கள். 2022 ஏப்ரலில், ஆக்ஸியம் நிறுவனத்துடன் அமீரகம் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஆறு மாதப் பயணத்துக்கு ஓர் இருக்கை கிடைத்தது. அந்த இருக்கைக்கு அல்நெயாதி அறிவிக்கப்பட்டார். எட்டு நாள் பயணத்தில் இடம் கிடைக்காதவருக்கு 186 நாள் பயணம். இருக்கை வந்த நேரத்தில் அவர் தயாராக இருந்தார். சப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதல்ல. வேலையை விடாமல் காத்திருப்பது.

ஹூஸ்டனில் என்ன கற்பிக்கிறார்கள்?

அங்கே ஒரு மாபெரும் நீச்சல் குளம் இருக்கிறது. ஆழம் சுமார் 12 மீட்டர். விண்வெளி நிலையத்தின் பகுதிகளைப் போன்ற மாதிரிகளை அதன் அடியில் வைத்திருக்கிறார்கள். விண்வெளி உடையை அணிந்து, மேலேயும் போகாமல் கீழேயும் மூழ்காமல் மிதக்கும்படி எடையைச் சரிசெய்து, மணிக்கணக்கில் தண்ணீருக்குள் திருகாணி முடுக்கவும் கம்பி இணைக்கவும் பயிற்சி தருகிறார்கள். அந்த உடையின் எடை தரையில் நூறு கிலோவைத் தாண்டும். உள்ளே காற்றழுத்தம் இருப்பதால் கையுறையின் விரல்களை மடக்குவதே ஒரு பந்தை அழுத்திப் பிடிப்பதைப் போல இருக்கும். விண்வெளியில் ஒரு மணி நேரம் செய்யும் வேலைக்குத் தண்ணீரில் பல மணி நேரம் ஒத்திகை.

இதனுடன் நிலையத்தின் இயந்திரக் கையை இயக்குவது, கழிப்பறை முதல் குடிநீர்ச் சுத்திகரிப்பு வரை பழுது பார்ப்பது, சக வீரருக்கு முதலுதவி செய்வது, தீ பிடித்தாலோ காற்று கசிந்தாலோ என்ன செய்வது என்பதெல்லாம் பாடங்கள். சுருக்கமாகச் சொன்னால், விண்வெளி வீரர் என்பவர் ஒரே ஆளில் எலக்ட்ரீசியன், பிளம்பர், ஆய்வகப் பணியாளர், மருத்துவ உதவியாளர் எல்லாம்தான். பொறியாளர்கள் இந்தப் பணிக்குப் பொருத்தமாக இருப்பதன் காரணம் இதுவே. ஒரு கருவி ஏன் வேலை செய்யவில்லை என்று படிப்படியாகச் சிந்திக்கும் பழக்கம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஏழு மணி நேரம் வெளியில்

2023 ஏப்ரல் 28, வெள்ளிக்கிழமை. நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம். அல்நெயாதியும் அமெரிக்க வீரர் ஸ்டீபன் போவனும் நிலையத்துக்கு வெளியே வந்தார்கள். அதற்கு முன் நெடுநேரம் சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசித்து, இரத்தத்தில் உள்ள நைட்ரஜனை வெளியேற்ற வேண்டியிருந்தது. இல்லையென்றால் உடையின் குறைந்த அழுத்தத்தில் இரத்தத்தில் குமிழிகள் உண்டாகும்.

வெளியே அவர்கள் இருந்தது 7 மணி 1 நிமிடம். இரண்டு வேலைகள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒன்று, புதிய சூரிய மின் தகடுகளைப் பொருத்துவதற்காக மின் கம்பிகளை முன்கூட்டியே இழுத்து வைப்பது. அது முடிந்தது. இன்னொன்று, ஒரு தகவல் தொடர்பு ஆன்டெனா அலகைக் கழற்றி உள்ளே கொண்டுவருவது. முயன்றும் அது கழன்று வரவில்லை. அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரு சமுதாயமே பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்த நாளில் பாதி வேலை நடக்கவில்லை. யாரும் அதை மறைக்கவில்லை, யாரையும் குறை கூறவுமில்லை. அவர்கள் இழுத்து வைத்த கம்பிகளை வைத்து ஜூன் மாதத்தில் போவனும் வுடி ஹோபர்கும் புதிய மின் தகடுகளைப் பொருத்தினார்கள். ஒருவர் முடித்த பாதி வேலையின்மேல் அடுத்தவர் மீதியைக் கட்டுகிறார். மதிப்பெண் ஒன்று குறைந்தாலே பிள்ளைகளை வாட்டியெடுக்கும் நாம் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

தொழுகை, நோன்பு, கிப்லா

மக்தப் பிள்ளைகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: "ஹள்ரத், விண்வெளியில் எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது?" நல்ல கேள்வி. இதற்கு உலமாக்கள் ஏற்கெனவே பதில் தேடியிருக்கிறார்கள்.

விண்வெளி நிலையம் பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. 90 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒரு நாளைக்கு 16 முறை சூரியன் உதித்து மறையும். சூரியனை வைத்து நேரம் கணக்கிட்டால் ஒரு நாளில் 80 வேளை தொழ வேண்டும். சுமார் ஒரு மணி நேரப் பகலில் நோன்பு முடிந்துவிடும்!

மலேசியாவின் மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகூர் 2007 அக்டோபர் 10 அன்று, ரமளானின் கடைசி நாட்களில், விண்வெளிக்குச் சென்றார். அதற்காக அந்நாட்டு உலமாக்களும் அறிவியலாளர்களும் கூடி ஆராய்ந்து ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டார்கள். அதன் சாரம் இதுதான்: 24 மணி நேரத்தை ஒரு நாளாகக் கொள்ள வேண்டும், புறப்பட்ட இடத்தின் நேரப்படி ஐவேளைத் தொழுகையைக் கணக்கிட வேண்டும். முடிந்தால் கஅபாவை நோக்க வேண்டும். இயலாவிட்டால் அதற்கு நேர் மேலே உள்ள திசையை, அதுவும் இயலாவிட்டால் பூமியை, எதுவுமே இயலாவிட்டால் வசதிப்படும் திசையை நோக்கலாம். நிற்க முடியாவிட்டால் அமர்ந்தோ சைகையாலோ தொழலாம். தண்ணீரைப் பயன்படுத்த இயலாதபோது தயம்மும் உண்டு. நோன்பை அங்கேயே நோற்கலாம், அல்லது திரும்பி வந்து களா செய்யலாம்.

இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்த சலுகைகள் அல்ல. நோயாளிக்கும் பயணிக்கும் சக்திக்கேற்பக் கடமை என்று நம் ஃபிக்ஹ் நூல்கள் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகச் சொல்லிவரும் சட்டங்களின் நீட்சிதான். பயணத்தில் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ ஷாஃபிஈ மத்ஹபில் அனுமதி உண்டு. ஹனஃபி மத்ஹபில் ஹஜ்ஜின்போது அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் தவிர அப்படிச் சேர்ப்பதில்லை. ஆறு மாதம் தங்குபவர் பயணியா, ஊரில் தங்கியவரா என்று கேட்டால், நடுக்கடலில் செல்லும் கப்பல் தங்குமிடமாகாது என்ற ஹனஃபி ஃபிக்ஹின் சட்டம் இதற்கு மிக நெருங்கி வருகிறது. பழைய கிதாபுகளில் புதிய கேள்விக்கு ஒளி இருக்கிறது. தேடும் கண் வேண்டும்.

புறப்படுவதற்கு முன் அல்நெயாதியிடமும் பத்திரிகையாளர்கள் நோன்பு பற்றிக் கேட்டார்கள். தாம் பயணி என்பதால் நோன்பு கட்டாயமில்லை என்றும், பணிக்கோ உடன் இருப்பவர்களுக்கோ ஆபத்து வரும் என்றால் போதிய உணவு உண்ணவே மார்க்கம் அனுமதிக்கிறது என்றும் அவர் விளக்கினார். கேமராவுக்கு முன்னால் வீரம் பேசாமல், சலுகையைச் சலுகையாகவே சொன்னது அழகான பதில். அல்லாஹ் தந்த எளிமையை ஏற்பதும் வணக்கத்தின் ஒரு பகுதிதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானம், பூமியின் எல்லைகளைக் கடப்பது பற்றி ஜின்களையும் மனிதர்களையும் நோக்கி வரும் வசனத்தை, விண்வெளிப் பயணத்தின் முன்னறிவிப்பு என்று மேடைகளில் சொல்வதுண்டு. இப்னு கஸீர் போன்ற தஃப்ஸீர் ஆசிரியர்கள் அதை மறுமை நாளின் சூழலில் வைத்து விளக்கியிருக்கிறார்கள். குர்ஆனின் மகத்துவத்துக்கு ராக்கெட் சாட்சி சொல்லத் தேவையில்லை. வானங்களின் படைப்பைச் சிந்திக்குமாறு குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. அந்த அழைப்பே நம் பிள்ளைகளுக்குப் போதுமான தூண்டுதல்.

நம் முன்னோர் அந்த அழைப்பைப் புரிந்து செயல்பட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமய்யா பள்ளிவாசலில் இப்னுஷ் ஷாத்திர் என்பவர் முவக்கித்தாக, அதாவது தொழுகை நேரங்களைக் கணிப்பவராக, இருந்தார். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்ட பெரும் வானியலாளர் அவர். 1371இல் அந்தப் பள்ளிவாசலின் மினாராவுக்காக ஒரு சூரியக் கடிகாரத்தை வடிவமைத்தார். பள்ளிவாசல் சம்பளத்தில் ஒரு வானியலாளர்! மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று சுவர் எழுப்பியது பிற்காலம்.

பெண் பிள்ளைகளுக்கு

2021இல் அமீரகம் இரண்டாவது அணியைத் தேர்ந்தெடுத்தது. 4,305 விண்ணப்பங்களிலிருந்து தேர்வான இருவரில் ஒருவர் நூரா அல்மத்ரூஷி என்ற பெண். அமீரகப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து, எண்ணெய்த் துறையின் கட்டுமான நிறுவனம் ஒன்றில் குழாய் அமைப்புப் பொறியாளராக வேலை பார்த்தவர். 2024 மார்ச்சில் நாசாவின் விண்வெளி வீரர் பயிற்சியை முடித்தார். அந்தப் பயிற்சியை நிறைவு செய்த முதல் அரபுப் பெண் அவரே.

அவர் ஹிஜாப் அணிபவர். விண்வெளி உடைக்குள்ளும் தலைமுடி மறைந்திருக்க நாசாவின் பொறியாளர்கள் வழி செய்து கொடுத்ததாக அவரே பேட்டிகளில் கூறியிருக்கிறார். ஹிஜாபை விட்டால்தான் முன்னேற முடியும் என்று சொல்பவர்களுக்கும், ஹிஜாப் அணிந்த பெண்ணுக்குப் பொறியியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில் அவர்.

நம் பிள்ளைகளுக்கு வழி உண்டா?

ஆசை காட்டிவிட்டு உண்மையை மறைக்கக் கூடாது. விண்வெளி வீரர் ஆவதற்கு முதல் நிபந்தனை பெரும்பாலும் குடியுரிமை. நாசா அமெரிக்கக் குடிமக்களை மட்டுமே தேர்ந்தெடுக்கிறது; அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறையில் முதுகலைப் பட்டமும், சில ஆண்டுகள் பணி அனுபவம் அல்லது விமானியாகப் பறந்த அனுபவமும், கடுமையான உடல் தகுதியும் கேட்கிறது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தன் நாடுகளின் குடிமக்களைத்தான் எடுக்கும். 2021இல் அது அழைத்தபோது 22,500 பேருக்கு மேல் விண்ணப்பித்து, முழுநேர வீரர்களாகத் தேர்வானவர்கள் 5 பேர். துபாயில் பிறந்து வளர்ந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அமீரகத் திட்டம் கைகொடுக்காது.

இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்கு முதலில் தேர்வான நான்கு பேரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் ஒருவரான அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்று ஜூலையில் திரும்பினார். ஆக, இந்தியாவில் இப்போதைக்கு அந்த வாசல் விமானப்படை வழியாகத்தான் திறந்திருக்கிறது.

ஆனால் மேலே செல்லும் ஒருவருக்குப் பின்னால் தரையில் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். அந்த வாசல் பெரியது. திருவனந்தபுரத்தில் 2007இல் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இளநிலைப் பொறியியல் வகுப்புகளுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு வழியாக மாணவர்களைச் சேர்க்கிறது. இஸ்ரோ தன் பணியிடங்களுக்கு இயந்திரவியல், மின்னணுவியல், கணினித் துறைப் பட்டதாரிகளைத் தேர்வு வைத்து எடுக்கிறது. ஐடிஐ, டிப்ளமோ படித்தவர்களுக்கும் தொழில்நுட்பப் பணிகள் உண்டு. ராக்கெட் இயந்திரங்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி நம் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது. சிறிய ராக்கெட்டுகளை ஏவுவதற்கான புதிய தளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்டது. காயல்பட்டினத்திலிருந்து அது கூப்பிடு தூரம். நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட துறை இது.

இராமேஸ்வரத்தின் அப்துல் கலாம் அவர்களை நினைத்துப் பாருங்கள். சென்னை எம்ஐடியில் விமானப் பொறியியல் முடித்த அவருக்கு விமானியாக வேண்டும் என்று ஆசை. விமானப்படைத் தேர்வில் இருந்தது எட்டு இடங்கள். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். பறக்கும் இருக்கை கைநழுவிப் போனது. அந்தப் பொறியாளர்தான் பின்னர் எஸ்எல்வி-3 திட்டத்தின் இயக்குநரானார். 1979 ஆகஸ்டில் முதல் ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18 அன்று அடுத்தது ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. இருக்கை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கற்ற கல்வி வீணாகவில்லை.

பெற்றோர்களே, ஒரு வேண்டுகோள்

நம் சமுதாயத்தில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டம் கையில் வந்த மறுமாதமே "விசா வந்துவிட்டது" என்று படிப்பை மூட்டை கட்டி வைக்கிறோம். படித்தது ஒன்று, பார்ப்பது வேறொன்று. பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையிடம் பட்டம் இருக்கும், கல்வி இருக்காது. குடும்பச் சூழலால் வெளிநாடு செல்ல வேண்டியவர்களை நான் குறை கூறவில்லை. ஹலாலான சம்பாத்தியம் கண்ணியமானது. வேலைக்குப் போனதும் படிப்பு முடிந்துவிட்டது என்று நினைப்பதைத்தான் சொல்கிறேன். அல்நெயாதி வேலையில் இருந்துகொண்டே 27 வயதில் முதுகலையும் 35 வயதில் முனைவர் பட்டமும் பெற்றவர்.

ஆகவே மூன்று விஷயங்கள். ஒன்று, பிள்ளை எந்தத் துறையில் இருந்தாலும் அதை ஆழமாகக் கற்க அவகாசம் கொடுங்கள். செய்யும் செயலைச் செம்மையாகச் செய்பவரை அல்லாஹ் விரும்புகிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அந்த இத்கான் படிப்பிலும் வேண்டும். இரண்டு, கணிதத்தையும் அறிவியலையும் ஆறாம் வகுப்பிலிருந்தே கவனியுங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் தாமதம். உடலையும் கவனியுங்கள், இரவு முழுக்கக் கைபேசியோடு விழித்திருக்கும் பிள்ளை ஃபஜ்ரையும் இழக்கிறது, பகலையும் இழக்கிறது. மூன்று, இரண்டாம் இடத்தைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நமக்குக் கற்றுத் தரப்பட்ட வழி. கட்டுவது நம் கையில்; காப்பது அவன் கையில். அன்று ஒரு வடிகட்டி அடைத்ததால் பயணம் நின்றது. யாரும் கோபத்தில் எழுந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. வடிகட்டியை மாற்றினார்கள், காத்திருந்தார்கள், மீண்டும் ஏறினார்கள். பூமிக்குத் திரும்பிய சில மாதங்களில், 2024 ஜனவரியில், அல்நெயாதி தன் நாட்டின் இளைஞர் விவகாரங்களுக்கான அமைச்சராக நியமிக்கப்பட்டார். இளைஞர்களிடம் அவர் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் அந்த இருபது ஆண்டுகள் ஏற்கெனவே சொல்லிவிட்டன.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதில் நிலைத்து நிற்கும் பொறுமையையும், எந்த உயரத்துக்குச் சென்றாலும் சுஜூதை மறக்காத உள்ளத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக. ஆமீன்.